விலக்கிய நாள்களும் வரவேற்ற நாள்களும்: தமிழகச் சீர்திருத்தச் சபையாரும் கத்தோலிக்கத் திருநாள்களும்

தோற்றுவாய்

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் அமைந்துள்ள புனித மரியாள் ஆலயம், இந்தியாவில் ஆங்கிலேயத் திருச்சபையார் எழுப்பிய ஆலயங்களுள் மிகப் பழையது. கோட்டையின் தலைவராக ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் விளங்கிய காலத்தில், 1678-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் அதன் கட்டுமானப் பணி தொடங்கிற்று. 1680 அக்டோபர் 28-ஆம் நாள் ஆலயம் திருநிலைப்படுத்தப்பட்டது. மார்ச்சு 25 என்பது, வானதூதர் கன்னி மரியாளிடம் மங்கலச் செய்தி உரைத்ததை நினைவுகூரும் திருநாள். அந்நாளில் பணி தொடங்கியமையால் ஆலயமும் அவ்வன்னையின் பெயரைத் தாங்கலாயிற்று.

இச்சிறு செய்தியில் ஒரு பெரிய முரண் அடங்கியிருக்கிறது. உரோமையின் வழக்கங்களை உதறிப் பிரிந்ததாகப் பெருமை கொண்ட ஒரு சபை, கடல் கடந்து வந்து கட்டிய ஆலயத்துக்குக் கத்தோலிக்க நாட்காட்டியின் ஒரு திருநாளிலிருந்தே பெயர் எடுத்துக்கொண்டது. கொள்கையளவில் தள்ளியதை வாழ்க்கையளவில் தள்ள இயலாத இந்நிலை, அடுத்து வந்த மூன்று நூற்றாண்டுத் தமிழ்க் கிறித்தவ வரலாறு நெடுகிலும் தொடர்கிறது. கத்தோலிக்க மரபின் திருநாள்களைச் சீர்திருத்தச் சபையார் எவ்வாறு நோக்கினர், அந்நோக்கு எவ்வாறு மாறிற்று, அம்மாற்றத்தில் தமிழுக்கும் தமிழ்ப் பாவலர்க்கும் உள்ள பங்கு யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூவகை நோக்கு

சீர்திருத்தச் சபையார் அனைவரையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுதல் பிழையாகும். ஐரோப்பாவிலேயே அவர்களிடையே மூவகை நோக்கு நிலவிற்று.

முதலாவது லுத்தரன் மரபு. மார்ட்டின் லுத்தர் தம் 95 கருத்துரைகளை வெளியிட்ட 1517 அக்டோபர் 31, அனைத்துப் புனிதர் திருநாளுக்கு முந்திய நாள் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அவர் எதிர்த்தது பாவமன்னிப்புச் சீட்டு வாணிகத்தை. ஆண்டின் திருநாள் ஒழுங்கு முழுவதையும் அவர் ஒழிக்க எண்ணினாரல்லர். திருமறையில் ஆதாரமுள்ள நாள்கள் நிற்கலாம், இல்லாதவை நீங்க வேண்டும் என்பதே லுத்தரன் சபையாரின் பொது அளவுகோல். எனவே மரியாளின் தூய்மைச் சடங்கு நாளும், மங்கலச் செய்தி நாளும், அவர் எலிசபெத்தைச் சந்தித்த நாளும் நின்றன. அவரது விண்ணேற்பைக் கொண்டாடும் ஆகஸ்டு 15 நீங்கிற்று. டென்மார்க்கு நாட்டில் 1770-ஆம் ஆண்டு அரசாணை ஒன்று பல திருநாள்களை ஒரேயடியாகக் குறைக்கும் வரையில், அந்நாட்டு லுத்தரன் நாட்காட்டி பெருமளவு பழைய நிறத்தோடுதான் இருந்தது.

இரண்டாவது ஆங்கிலிக்கன் மரபு. 1662-ஆம் ஆண்டுப் பொது வழிபாட்டு நூலில் திருத்தூதர் நாள்களும் அனைத்துப் புனிதர் நாளும் தனி மன்றாட்டுகளோடு இடம்பெற்றன. மரியாளின் பிறந்தநாளாகிய செப்டம்பர் 8-உம் அதன் நாட்காட்டியில் சிறுநாளாகக் குறிக்கப்பட்டிருந்தது. வேளாங்கண்ணியின் பெருவிழா நாள் ஆங்கிலிக்கன் நூலிலும் ஓரமாக உறங்கிக் கிடந்தது என்பது பலர் அறியாத செய்தி. ஆனால், இறந்தோரின் ஆன்மாக்களுக்காக மன்றாடும் நவம்பர் 2 மட்டும் அந்நூலில் இடம்பெறவில்லை. இறந்தோர்க்காக வேண்டுதல் பயன் தராது என்பது சீர்திருத்தக் கொள்கையின் உயிர்நாடியாதலின், அந்நாள் விலக்கப்பட்டது.

மூன்றாவது தூய்மைவாதிகளின் மரபு. இதுவே மிகக் கடுமையானது. ஓய்வுநாளாகிய ஞாயிறு ஒன்றையன்றி வேறெந்த நாளையும் திருமறை கட்டளையிடவில்லை என்பது இவர்தம் வாதம். 1647-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் கிறிஸ்து பிறப்பு விழாவையும் உயிர்த்தெழுந்த விழாவையும் ஒழித்து ஆணை பிறப்பித்தது. அமெரிக்க மாசசூசெட்சுக் குடியேற்றத்தில் 1659-இல் கிறிஸ்துமஸ் கொண்டாடுவோர்க்கு ஐந்து ஷில்லிங் தண்டம் விதிக்கப்பட்டது; அச்சட்டம் 1681-இல்தான் நீக்கப்பட்டது. ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் பொது விடுமுறையானது 1958-ஆம் ஆண்டில் என்றால், அவ்வெறுப்பின் ஆழத்தை உணரலாம்.

தமிழகத்துக்கு இம்மூன்று மரபினரும் வந்தனர். தரங்கம்பாடியில் லுத்தரன் சபையார், சென்னையிலும் நெல்லையிலும் ஆங்கிலிக்கன் சபையார், மதுரையில் அமெரிக்கச் சபையார், நாஞ்சில் நாட்டில் இலண்டன் மிஷன் சங்கத்தார் என அவர்கள் வேரூன்றினர். ஆகவே, ஒரு தமிழ்க் கிறித்தவக் குடும்பம் எந்நாளைக் கொண்டாடலாம் என்பது, அக்குடும்பம் எந்த மாவட்டத்தில் வாழ்ந்தது என்பதைப் பொறுத்ததாயிற்று.

திருநாளும் பண்டிகையும்

இவ்வேறுபாடு தமிழ்ச் சொற்களிலும் பதிந்துள்ளது. கத்தோலிக்கர் வழக்கில் 'திருநாள்', 'திருவிழா' என்பன ஓங்கி நிற்க, சீர்திருத்தச் சபையார் வழக்கில் 'பண்டிகை' நிலைபெற்றது. 'அர்ச்சிஷ்டவர்' என்று முன்னவர் அழைத்தோரைப் 'பரிசுத்தவான்' என்று பின்னவர் அழைத்தனர். 'சேசு' என்று ஒருசாராரும் 'இயேசு' என்று மறுசாராரும் ஆண்டவர் பெயரையே வேறுவேறாக ஒலித்தனர். நோன்புக் காலம் கத்தோலிக்கர்க்குத் தவக்காலம். மற்றவர்க்கு லெந்து நாள்கள். ஒரே தெருவில் வாழ்ந்த இரு வீட்டார், ஒரே நிகழ்ச்சியை இரு பெயரால் அழைத்து, ஒருவர் விழாவை மற்றவர் அயலாகக் கருதிய காலம் அது. பிரிவினை கோயிலில் தொடங்கினாலும் அது குடிபுகுந்தது மொழியில்தான்.

ஏலாக்குறிச்சியும் தரங்கம்பாடியும்

கத்தோலிக்கத் திருநாள்கள் தமிழ் மண்ணில் வெறும் நாட்காட்டிக் குறிப்புகளாக நின்றுவிடவில்லை. 1606-இல் தத்துவ போதகர் மதுரைக்கு வந்தது தொட்டு, கொடியேற்றம், சப்பரம், தேர், நாடகம், அன்னதானம் என ஊர்விழாவின் உறுப்புகள் யாவும் அவற்றில் வந்து கலந்தன. வல்லத்திராக்கோட்டையைத் தன்னகத்தே கொண்ட புதுக்கோட்டை மாவட்டமே இதற்குச் சான்று கூறும். 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யேசு சபைத் துறவி பூஷே அடிகள் நிறுவிய ஆவூர்ப் பங்கில், உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டிப் பாஸ்கு நாடகமும் தேர்த் திருவிழாவும் இன்றும் நடைபெறுகின்றன. திருப்பாடுகளை மேடையில் கண்டு அழுத மக்கள், பின்னர்த் தேர்வடம் பிடித்து மகிழும் அக்காட்சி, தமிழ் விழா மரபு கிறித்தவத்துள் புகுந்து வாழும் வாழ்வைக் காட்டுவதாகும்.

1706 சூலை 9-ஆம் நாள் சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவர்கள் கண்ட கிறித்தவம் இத்தகையது. அவர்கள் கண்ணுக்கு அத்தேரும் சப்பரமும், சுற்றிலும் இருந்த சமயங்களின் விழாக்களிலிருந்து வேறுபட்டனவாகத் தோன்றவில்லை. அச்சகம் நிறுவி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு, சொல்லையே முதன்மைப்படுத்திய அவர்கள், உருவத்தையும் ஊர்வலத்தையும் ஐயுற்று நோக்கினர். கிறிஸ்து பிறப்பும் உயிர்த்தெழுதலும் பெந்தெகொஸ்தும் அவர்தம் ஆலயத்தில் ஆராதனையாகவும் அருளுரையாகவும் கொண்டாடப்பட்டன, தெருவுக்கு வரவில்லை.

இதற்கு மறுமொழி தமிழிலேயே எழுந்தது. வீரமாமுனிவர் 'வேத விளக்கம்', 'பேதகமறுத்தல்', 'லுத்தர் இனத்தியல்பு' ஆகிய உரைநடை நூல்களால் தரங்கம்பாடியாருடன் வாதிட்டார். தமிழ் உரைநடை வளர்ச்சிக்கு இவ்வாதப் போர் ஆற்றிய தொண்டு பெரிது. எனினும், அவர் அளித்த வலிய விடை அவ்வுரைநடையில் இல்லை. 1726-இல் அவர் இயற்றிய 'தேம்பாவணி'யிலும், ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னை மீது பாடிய 'திருக்காவலூர்க் கலம்பக'த்திலும் உள்ளது. 36 படலமும் 3,615 பாடலும் கொண்ட ஒரு பெருங்காப்பியத்தின் தலைவனாக வளன் என்னும் புனித சூசையப்பரை அமர்த்தியதன் வாயிலாக, புனிதர் வணக்கம் என்னும் வழக்குக்குக் காப்பியத் தகுதி தேடித் தந்தார் முனிவர். வாதத்தை மறுக்கலாம், காப்பியத்தை மறுப்பது எங்ஙனம்?

இரட்சணிய யாத்திரிகத்தை இதனோடு ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும். வைணவக் குடியிற் பிறந்து சீர்திருத்தச் சபையைத் தழுவிய எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1894-இல் வெளியிட்ட அக்காப்பியம், தூய்மைவாத மரபினராகிய ஜான் பனியனின் நூலைத் தழுவியது. அதன் தலைவன் பெயர் பெற்ற புனிதன் அல்லன். மீட்பை நாடி நடக்கும் ஒரு தனி மாந்தன். புனிதர்க்கு நாள் குறிக்காத சபையின் காப்பியம் அவ்வாறே அமையும். ஆனால், பனியனின் நூலில் விரிவாக இல்லாத கிறிஸ்துவின் பாடுகளைத் தனிப் படலமாகவே விரித்துப் பாடினார் கிருஷ்ண பிள்ளை. நாட்காட்டி வேண்டாமென்ற மரபிலிருந்து வந்த கதைக்குள், பெரிய வெள்ளியைக் கொண்டுவந்து நிறுத்தியது தமிழ்க் கவியுள்ளம்.

தஞ்சையில் எழுந்த பூசல்

விழா பற்றிய கருத்து வேறுபாடு சீர்திருத்தச் சபைக்குள்ளேயே பூசலாக வெடித்த இடம் தஞ்சாவூர். அப்பூசலின் நடுநாயகமாக நின்றவர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்று, இரண்டாம் சரபோஜி மன்னருக்கு இளமைத் தோழராகவும் பின்னர் அவர் ஆதரவு பெற்ற புலவராகவும் விளங்கி, 'பெத்லகேம் குறவஞ்சி' முதலிய சிற்றிலக்கியங்களைப் படைத்தவர் அவர். பழைய தரங்கம்பாடி மரபினர் தம் அடியார்கள் விழாக்களிலும் மணவினைகளிலும் பூச்சூடுவதையும் தமிழிசை பாடுவதையும் பெரிதும் தடுக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்த இளைய குருமார் அவற்றைத் தடுக்க முனைந்தனர். பழைய வேத மொழிபெயர்ப்பைத் திருத்தியது, பூக்களை விலக்கியது, தமிழ்ப் பாடல்களுக்குத் தடையிட்டது, சாதி வேறுபாடின்றி ஆலயத்தில் கலந்து அமரச் சொன்னது ஆகியவற்றைக் கொடுமைகள் எனக் கண்டித்து, 1829 அளவில் சாஸ்திரியார் எழுதினார்.

இவ்வெதிர்ப்பை இன்று படிப்போர்க்கு இரு வேறு உணர்ச்சிகள் எழுதல் இயல்பு. பூவும் பாட்டும் பறிக்கப்பட்ட ஒரு பாவலனின் குரல் நெஞ்சை உருக்குகிறது. விழாநாளில் தன் மொழியில், தன் பண்ணில் இறைவனைப் பாடும் உரிமைக்காக அவர் வாதிட்டார். ஆயின் அதே மூச்சில் சாதி இருக்கைகளுக்காகவும் வாதிட்டார். பண்பாடு என்னும் ஒரே பேழைக்குள் மலரும் இருந்தது, முள்ளும் இருந்தது. இரண்டையும் பிரித்தெடுக்க அவர் மறுத்தார். மறுபுறம், முள்ளை அகற்ற வந்த குருமார் மலரையும் முள்ளெனவே எண்ணினர். 1833-இல் ஆயர் டேனியல் வில்சன் சாதி வழக்கங்களை ஆலயத்திலிருந்து அகற்றுமாறு ஆணையிட்டபோது, தஞ்சைச் சபை பிளவுற்றது. விழா பற்றிய வினா எப்போதும் விழாவோடு நிற்பதில்லை என்பதைத் தஞ்சை வரலாறு கற்பிக்கிறது. யார் கொண்டாடுவது, யாரோடு அமர்ந்து கொண்டாடுவது என்னும் வினாக்கள் அதன் பின்னே நின்றுகொண்டே இருக்கின்றன.

கீர்த்தனை அழைத்து வந்த நாள்கள்

தஞ்சையில் தடையுண்ட பாட்டு, மதுரையில் வழி கண்டது வியப்புக்குரியது. 1834-இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன், கிறிஸ்துமஸுக்குத் தண்டம் விதித்த அதே நியூ இங்கிலாந்து மரபின் வழித்தோன்றல். அம்மரபில் ஆண்டு முழுவதும் ஞாயிறுகளே, திருநாள்கள் இல்லை. ஆயினும் அம்மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் என்பார், மேனாட்டு மெட்டுகள் தமிழ் நாவுக்கு இசையாமையை உணர்ந்தார். முதியவராயிருந்த வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்களைப் பெற்று, 1853-இல் தமிழ்க் கீர்த்தனைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். அது தமிழ்ச் சீர்திருத்தச் சபைகள் அனைத்தும் பயன்படுத்தும் 'கிறிஸ்தவக் கீர்த்தனைகள்' நூலுக்கு மூலமாயிற்று.

இதன் விளைவை அம்மிஷனார் முன்கூட்டி உணர்ந்தனரா என்பது ஐயமே. பாட்டுக்குப் பொருள் வேண்டும். பொருளுக்குப் பருவம் உண்டு. பிறப்பைப் பாடும் கீர்த்தனை மார்கழியைத் தேடிற்று. பாடுகளைப் பாடும் கீர்த்தனை பங்குனியைத் தேடிற்று. உயிர்த்தெழுதலைப் பாடும் பல்லவி விடியற்காலையைத் தேடிற்று. கீர்த்தனை நூலின் பகுப்பே ஒரு திருநாள் வரிசையாக அமைந்தது. வாசலில் தடுக்கப்பட்ட திருநாள்கள், பாடகரின் தோளில் ஏறிக் கோயிலுக்குள் நுழைந்தன எனலாம். மார்கழிப் பனியில் வீடுதோறும் பாடிவரும் கீத பவனி, பின்னாளில் சீர்திருத்தச் சபையாரின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

நெல்லைச் சீமையில் வேறொரு வழி திறந்தது. ஆலயத்தின் பிரதிஷ்டைப் பண்டிகை, அறுப்பின் பண்டிகை, பாளையங்கோட்டையின் ஸ்தோத்திரப் பண்டிகை ஆகியவை புனிதர் பெயரின்றியே ஊர்த் திருவிழாவின் இடத்தை நிரப்பின. புனிதரின் தேர் இல்லை; ஆயினும் ஊர் கூடிற்று. விளைச்சலின் முதற்பலன் படைக்கப்பட்டது, ஏலம் விடப்பட்டது, அண்டா அண்டாவாகச் சோறு பொங்கி, 'அசனம்' என்னும் பொதுவிருந்து படைக்கப்பட்டது. அந்தோணியார் திருவிழாக்களில் கத்தோலிக்கர் நடத்தும் பொதுவிருந்துக்கும் தென்மாவட்டங்களில் அசனம் என்பதே பெயர். கொள்கை இரண்டாயினும் இலை ஒன்றாக இருந்தது.

ஒன்றிணைந்த நாட்காட்டி

1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. திருநாள்களைக் காத்த ஆங்கிலிக்கன் சபையாரும், அவற்றை ஒதுக்கிய மரபிலிருந்து வந்த காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் சபையாரும், மெதடிஸ்டு சபையாரும் ஒரே மந்தையாயினர். ஆயர் ஆட்சி பற்றிய வாதங்களே அவ்விணைப்பு வரலாற்றில் பெரிதும் பேசப்படுகின்றன. ஆனால், மதுரையின் சிற்றூர்ச் சபையும் நெல்லையின் பழஞ்சபையும் ஒரே அட்டவணைப்படி ஒரே ஞாயிறில் ஒரே திருமறைப் பகுதியை வாசிக்கத் தொடங்கியதும் சிறிய செய்தியன்று. 1963-இல் நூலுருப் பெற்ற பொது வழிபாட்டு முறை, வருகைக் காலம் தொட்டுத் தொடங்கும் திருச்சபையாண்டை யாவர்க்கும் உரியதாக்கிற்று.

கத்தோலிக்கர் பக்கத்திலும் அசைவு ஏற்பட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–1965), பிரிந்த கிறித்தவரைப் பகைவராகக் காணாது சகோதரராகக் காணுமாறு கற்பித்தது. திருப்பலி இலத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது. 1969-இல் திருத்தப்பட்ட உரோமை நாட்காட்டி, புனிதர் நாள்கள் பலவற்றைக் குறைத்துக் கிறிஸ்துவின் நிகழ்ச்சிகளை முன்னிறுத்திற்று. நானூறு ஆண்டுகளுக்கு முன் சீர்திருத்தவாதிகள் கேட்டவற்றுள் ஒரு பகுதியை உரோமையே நிறைவேற்றியது போன்ற தோற்றம் உண்டாயிற்று. 1995-இல் இருசாராரும் கூடி வெளியிட்ட 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு, இயேசுவின் பெயர் ஒலிப்பில் இருந்த பழைய வேற்றுமையையும் களைந்தது. 1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க்கு நகரில், மனிதர் இறைவன் முன் நேர்மையாளராக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பாரும் கத்தோலிக்கரும் கையொப்பமிட்டனர். பிரிவின் நினைவுநாளே உறவின் நாளாயிற்று.

கொடுத்தலும் கொள்ளலும்

பெரிய வெள்ளியன்று நண்பகல் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை சிலுவையின் ஏழு வாக்குகளைத் தியானிக்கும் மும்மணி ஆராதனை, தமிழகச் சீர்திருத்தச் சபைகளின் தனிச்சிறப்பு எனப் பலரும் கருதுவர். ஏழு வாக்குகளுக்கு ஏழு செய்தியாளர், இடையிடையே கீர்த்தனைகள் என அமையும் அதனைக் கேட்க, ஆண்டில் மற்ற நாள்களில் ஆலயம் வராதோரும் வருவர். அவ்வழிபாடு பிறந்த இடமோ தென்னமெரிக்காவின் லிமா நகரம். அதனைத் தோற்றுவித்தவர் அல்போன்சோ மெசியா என்னும் யேசு சபைத் துறவி. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலிக்கன் சபையார் அதனை ஏற்றனர். அவர்கள் வழியாக உலகெங்கும் பரவிற்று. வீரமாமுனிவரின் சபையைச் சேர்ந்த ஒருவர் தந்த வழிபாட்டை, அவரோடு வாதிட்டோர் வழிவந்த சபைகள் தம் உயிர்நிலையாகப் போற்றுகின்றன!

கொடை ஒருவழிப்பட்டதன்று. ஆண்டிறுதி இரவில் விழித்திருந்து புத்தாண்டை வழிபாட்டோடு வரவேற்கும் வழக்கத்தை 18-ஆம் நூற்றாண்டில் பரப்பியவர் மெதடிஸ்டு இயக்கத் தந்தை ஜான் வெஸ்லி. திசம்பர் 31 நள்ளிரவில் வேளாங்கண்ணி உள்ளிட்ட கத்தோலிக்கத் திருத்தலங்களில் கூடும் பெருங்கூட்டம் இன்று எவரும் அறிந்தது. சீர்திருத்தச் சபையார் இல்லங்களில் மாட்டுக்கொட்டில் குடில் அமைப்பதும், குருத்தோலை ஞாயிறன்று ஓலையேந்தித் தெருவில் பவனி வருவதும் இவ்வகைக் கொள்ளலின் பாற்பட்டனவே. செப்டம்பர் 8-ஐ ஒட்டி வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை செலுத்தச் செல்லும் கூட்டத்தில் பிற சமயத்தாரோடு சீர்திருத்தச் சபைக் குடும்பங்களும் உண்டு. அவர்தம் குருமார் அதனைப் போதிப்பதில்லை. குடும்பங்கள் அதற்காகக் காத்திருப்பதுமில்லை.

கல்லறைத் திருநாள்

மாற்றத்தின் உச்சத்தைக் காட்டும் நாள் நவம்பர் 2. 11-ஆம் நூற்றாண்டு அளவில் பிரான்சு நாட்டுக் க்ளூனி மடத்துத் தலைவர் ஓடிலோவின் வழியாகப் பரவிய இந்நாளைத்தான் சீர்திருத்தவாதிகள் அனைவரும் ஒருமுகமாக விலக்கினர். உத்தரிக்கிற தலத்து ஆன்மாக்களுக்காக மன்றாடுதல் என்னும் கொள்கையை எதிர்த்தே சீர்திருத்தம் பிறந்தது. அத்தகைய நாள் தமிழகத்தில் என்னவாயிற்று?

நவம்பர் 2 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கம் போன்ற கல்லறைத் தோட்டங்களுக்குச் செல்வோர், அங்குக் கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையார் என்ற வேறுபாட்டைக் கண்ணால் கண்டறிதல் அரிது. களை பறித்து, கல்லறைக்கு வெள்ளையடித்து, சாமந்தியும் சம்பங்கியும் தூவி, மெழுகுத்திரி ஏற்றிக் குடும்பம் குடும்பமாக நிற்கின்றனர். வேறுபாடு உதட்டில் உள்ளது. ஒரு குடும்பம் இறந்தவருக்காக இறைவனிடம் இரக்கம் வேண்டுகிறது. அடுத்த குடும்பம் இறந்தவர் வாழ்ந்த வாழ்வுக்காக இறைவனுக்கு நன்றி கூறுகிறது. பூ ஒன்று; ஒளி ஒன்று; மன்றாட்டு இரண்டு. தென்மாவட்டச் சீர்திருத்தச் சபைகள் பலவற்றில் உயிர்த்தெழுந்த ஞாயிறு விடியலிலும் கல்லறைத் தோட்டத்தில் கூடும் வழக்கம் உண்டு. மறுப்பின் நாளை விட்டு நம்பிக்கையின் நாளைத் தேர்ந்த வழக்கம் அது. இன்றோ பலர் இரு நாளும் செல்கின்றனர்.

எந்தச் சபைப் பேரவையும் கூடித் தீர்மானித்து இந்நாளை மீட்டதாகக் கூறுதற்கில்லை. மக்களே மீட்டனர். வீழ்ந்தோர்க்கு நடுகல் நட்டு, பெயர் பொறித்து, மயிற்பீலி சூட்டிப் பரவிய இனம் இது. ஆண்டுக்கொரு நாளாவது தம் முன்னோர் உறங்கும் மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்னும் வேட்கைக்கு எந்த வினாவிடைப் போதனையும் முழு நிறைவு தரவில்லை. அவ்வேட்கைக்கு அருகில் கிடைத்த நாள் நவம்பர் 2, அதனை எடுத்துக்கொண்டனர்.

மறுப்பின் குரலும் முள்ளின் நினைவும்

இம்மாற்றத்தை யாவரும் வரவேற்கின்றனர் எனல் உண்மையாகாது. பெந்தெகொஸ்தே சபைகளுள்ளும் சகோதர சபைகளுள்ளும் கிறிஸ்துமஸையும் லெந்து நாள்களையும் இன்றும் கொண்டாடாதவை உள்ளன. நாள்களையும் மாதங்களையும் பார்த்தல் பற்றிக் கலாத்தியர்க்கும் கொலோசெயர்க்கும் பவுலடிகள் எழுதிய எச்சரிக்கைகளை அவர்கள் எடுத்துக்காட்டுவர். மதுரைக்கு வந்த பழைய அமெரிக்கரின் குரல் அவர்கள் வாயிலாக இன்னும் ஒலிக்கிறது. அதனை எள்ளி ஒதுக்குதல் தகாது. விழா ஆடம்பரமாகி, விளம்பரமாகி, உள்ளீடற்ற ஓசையாகும்போதெல்லாம் அக்குரலில் ஓர் உண்மை இருப்பதை நடுநிலையாளர் உணர்வர். அதே பவுலடிகள் உரோமையர்க்கு எழுதிய மடலின் 14-ஆம் அதிகாரத்தில், நாளைக் கொண்டாடுபவரும் கொண்டாடாதவரும் ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்கலாகாது என அறிவுறுத்துவதும் நினையத்தக்கது.

இதனினும் ஆழமான வினா ஒன்று உண்டு. சபைகளுக்கிடையே இருந்த சுவர் தாழ்ந்துவருகிறது. சாதிகளுக்கிடையே உள்ள சுவரோ? திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் சாதியைப் பிரித்து நின்ற மதில், 21-ஆம் நூற்றாண்டிலும் போராட்டத்துக்குப் பொருளாயிற்று. சீர்திருத்தச் சபைகளும் இக்குறையினின்று நீங்கியவை எனக் கூறுதற்கில்லை. நவம்பர் 2-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் ஒரே பூவைத் தூவக் கற்றுக்கொண்டனர். ஒரே சபையார் ஒரே மண்ணில் உறங்கக் கற்றுக்கொள்ளல் எந்நாள்? வேதநாயக சாஸ்திரியாரின் பேழையில் இருந்த மலரை மீட்ட தமிழ்க் கிறித்தவம், அதனோடு ஒட்டி வந்த முள்ளையும் அடையாளம் கண்டு களைதல் வேண்டும். அன்றேல் மீட்ட விழா பாதி விழாவே.

நிறைவுரை

இதுகாறும் கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகும். தமிழகத்தில் கத்தோலிக்கத் திருநாள்கள் பற்றிய சீர்திருத்தச் சபையாரின் நோக்கை மாற்றியதில் இறையியல் ஏடுகளுக்குப் பங்கு உண்டு. 1947-க்கும் வத்திக்கான் சங்கத்துக்கும் பங்கு உண்டு. ஆயினும் அவற்றுக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே பாட்டு அப்பணியைத் தொடங்கிவிட்டது. ஆணையிட்டு நீக்கிய நாளைப் பண்ணமைத்து அழைத்தவர் பாவலர். அழைத்த நாளுக்குச் சோறு பொங்கியும் பூத்தூவியும் இடம் தந்தவர் எளிய மக்கள். கொள்கை வேற்றுமைகள் இன்றும் உள்ளன. மரியாளின் விண்ணேற்பும் இறந்தோர்க்கான வேண்டுதலும் இன்றளவும் இருசாராரையும் பிரிக்கும் பொருள்களே. அவ்வேற்றுமையை மறைக்காமலேயே அருகருகே நிற்க முடியும் என்பதைக் கல்லறைத் தோட்டங்கள் காட்டுகின்றன.

தமிழ் வகுப்பறைகளில் தேம்பாவணியும் இரட்சணிய யாத்திரிகமும் அடுத்தடுத்த பாடங்களாக அமர்ந்திருக்கின்றன. எந்தச் சபையார், எந்தச் சமயத்தார் என்று கேளாமல் மாணாக்கர் அவற்றைப் பயில்கின்றனர். சபைகள் பிரித்து வைத்தவற்றை ஒரே பாயில் அமர்த்தும் ஆற்றல் தமிழுக்கு உண்டு. இலக்கிய மன்றங்கள் செழிக்க வேண்டியதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டுவதில்லை.